ஒரு சீட் கேட்டால் மூன்றும் ரத்தாவது ஏன்?

கேள்வி: மதுரையில் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆம்னி பஸ் ஓட்டும் ஒரு டிராவல்ஸுக்கு, வாட்ஸ்அப்பில் பயணிகளுக்குப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட் செய்து கொடுத்திருக்கிறோம். தேடுவது, புக் செய்வது, ரத்து செய்வது, பணம் திருப்புவது என்று ஏஜென்ட் கூப்பிட்டுப் பயன்படுத்தும் டூல்கள் (நிரல் கருவிகள்) மொத்தம் 23. டெமோவில் பிரமாதமாக ஓடியது. உண்மையான பயணிகள் வந்ததும் தடுமாறுகிறது. மூன்று சீட்டில் ஒன்றை மட்டும் ரத்து செய்யச் சொன்னவருக்கு மூன்றையும் ரத்து செய்துவிட்டது. நள்ளிரவு தாண்டி ஏறுகிறவர்களுக்குத் தேதி மாறிப்போகிறது. சில சமயம் பஸ் இருந்தும் ‘பஸ் இல்லை’ என்கிறது. சிஸ்டம் பிராம்ப்டில், அதாவது ஏஜென்ட்டுக்கு முன்கூட்டியே எழுதிவைக்கும் பொது அறிவுரையில், ‘மிக மிகக் கவனமாக இரு’ என்றுகூட எழுதிப் பார்த்தேன். ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலை விட்டு இன்னும் பெரிய மாடலுக்கு மாறலாம் என்கிறார் மேலாளர். தவறு மாடலிலா, நாங்கள் எழுதியதிலா? டூல் விளக்கங்களைத் தமிழில் எழுதலாமா? பேமென்ட் நிறுவனம் தன் டூல்களை மற்றவர்களின் ஏஜென்ட்டில் இணைக்கத் தரும் எம்சிபி சர்வரை அப்படியே இணைத்துக்கொள்ளலாமா? நான்கு விளக்கங்களை மாதிரிக்கு அனுப்பியிருக்கிறேன். சிஸ்டம் பிராம்ப்ட், டூல் பட்டியல், ஏஜென்ட்டின் லாக் (செயல்பாட்டுப் பதிவு) ஆகியவையும் கூடவே இருக்கின்றன.
— வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய நான்கு விளக்கங்களையும் படித்தேன். மாடலை மாற்றுவதற்கு முன் இவற்றை மாற்றுங்கள். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

ரத்து செய்யும் டூலுக்கு நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி: ‘பிஎன்ஆர் கொடுத்தால் டிக்கெட்டை ரத்து செய்யும்.’ இதில் பொய் எதுவும் இல்லை. உங்களோடு வேலை செய்யும் இன்னொரு புரோகிராமருக்கு இது போதும். சந்தேகம் வந்தால் அவர் ஃபங்ஷனைத் திறந்து பார்ப்பார். இல்லையென்றால் உங்களிடமே கேட்பார். மாடலுக்கு அந்த இரண்டு வழியும் கிடையாது. டூலின் பெயர், அதன் விளக்கம், பாராமீட்டர்களின் (டூலுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்புகளின்) வடிவத்தைச் சொல்லும் ஸ்கீமா ஆகிய மூன்றும்தான் எழுத்தாக அதன் முன்னால் வைக்கப்படுகின்றன. உள்ளே ஓடும் நிரலை அது பார்ப்பதே இல்லை. ஒரு பிஎன்ஆரில் மூன்று சீட் இருக்கலாம் என்பதும், இந்த டூல் பிஎன்ஆரையே மொத்தமாகக் காலி செய்துவிடும் என்பதும் அதற்கு எப்படித் தெரியும்? பயணி ‘டிக்கெட் கேன்சல்’ என்றார். ‘டிக்கெட்டை ரத்து செய்யும்’ என்று ஒரு டூல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டது.

மேலாளர் சொல்வது போலப் பெரிய மாடலுக்கு மாறினால் இந்த இடத்தில் கொஞ்சம் நன்றாக ஊகிக்கும். ஆனால் அதுவும் ஊகம்தான். அந்த டிராவல்ஸில் ரத்து என்றால் என்ன நடக்கும் என்பது எந்த மாடலின் பயிற்சியிலும் இல்லை. அந்த அலுவலகத்தில் மட்டும்தான் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஏஜென்ட்களைப் பற்றி, கிளாட் மாடலைச் செய்யும் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட கட்டுரையை உங்கள் மேலாளருக்குக் காட்டுங்கள். மென்பொருள் பிழைகளைத் திருத்தும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் சோதனைக்காகக் கட்டிய ஏஜென்ட்டில், மொத்த பிராம்ப்டைச் சரிசெய்வதைவிட டூல்களைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் செலவானது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஏஜென்ட் முதல் ஃபோல்டரை விட்டு வெளியே போனதும், பாதி முகவரி கொடுத்துக் கோப்புகளைத் தவறவிட்டது. டூல் எப்போதும் முழு முகவரியைத்தான் வாங்கும் என்று மாற்றினார்கள். தவறு நின்றுவிட்டது. மாடலை யாரும் மாற்றவில்லை.

சரி, ரத்து டூலை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘ஒரு பிஎன்ஆரில் உள்ள எல்லாச் சீட்டுகளையும் ஒரேயடியாக ரத்து செய்து, பணம் திருப்பும் வேலையைத் தொடங்கும். செய்த பிறகு திரும்பப் பெற முடியாது. ரத்தான சீட் உடனே மற்றவர்களுக்கு விற்பனைக்குப் போய்விடும். சேர்ந்து புக் செய்தவர்களில் சிலர் மட்டும் வரவில்லை என்றால் இதைப் பயன்படுத்தாதே. அதற்குச் சீட் வாரியாக ரத்து செய்யும் டூல் இருக்கிறது. வேறு நாளில் போக விரும்புகிறவருக்கும் இது அல்ல. பயணத் தேதி மாற்றும் டூலை எடு. பயணி “கேன்சல் பண்ணணும்” என்று மட்டும் சொல்லி, அந்தப் பிஎன்ஆரில் ஒன்றுக்கு மேல் சீட் இருந்தால், எல்லாமா சிலவா என்று கேட்டுவிட்டு முடிவு செய். பஸ் புறப்பட்ட பிறகு இது வேலை செய்யாது.’

ஒரு வரி ஒன்பது வரியாகிவிட்டதே என்று தோன்றலாம். ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியங்களாவது எழுதுங்கள் என்று ஆந்த்ரோபிக்கின் வழிகாட்டியே சொல்கிறது. நீளம் எனக்கு முக்கியமில்லை. அந்த ஒன்பது வரியில் எவை வந்திருக்கின்றன என்பதைப் பாருங்கள். டூல் என்ன செய்யும் என்பது முதல் வரியிலேயே முடிந்துவிட்டது. மீதி எல்லாம் எப்போது எடுக்கக் கூடாது, எடுத்தால் என்ன ஆகும், எடுப்பதற்கு முன் பயணியிடம் என்ன கேட்க வேண்டும் என்பவை. நீங்கள் அனுப்பிய நான்கு விளக்கங்களில் ஒன்றில்கூட ‘இதற்குப் பயன்படுத்தாதே’ என்ற வரி இல்லை. நான் பார்க்கும் விளக்கங்களில் அதிகம் விடுபடுவது அந்த வரிதான். பக்கத்து டூலின் பெயரைச் சொல்லி அங்கே அனுப்பிவைக்கும் அந்த ஒரு வரி, சிஸ்டம் பிராம்ப்டில் எழுதும் பத்து எச்சரிக்கைகளைவிட அதிகம் உதவும்.

இந்த வரிகள் உங்கள் நிரலில் கிடைக்காது. மாட்டுத்தாவணியில் அந்த டிராவல்ஸின் புக்கிங் ஆபீஸில் ஒரு மாலை போய் உட்காருங்கள். ‘கேன்சல்’ என்று போன் வந்தால் அங்கே இருப்பவர் முதலில் என்ன கேட்கிறார்? ‘எத்தனை பேர், எல்லாருக்குமா?’ என்றுதான் கேட்பார். அவரிடம் கேட்டால் ‘இதெல்லாம் ஒரு விஷயமா, எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்பார். எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாருமே எழுதி வைக்காத அந்த விஷயங்களைத்தான் டூல் விளக்கத்தில் எழுத வேண்டும். இந்த வேலையில் நான் உங்களிடம் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்.

இன்னொன்று. விளக்கத்தை எவ்வளவு நன்றாக எழுதினாலும் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் அதை மட்டும் நம்பாதீர்கள். முழு ரத்துக்கு ஒரு டூல், சீட் ரத்துக்கு ஒரு டூல் என்று இரண்டு வைப்பதைவிட ஒரே டூலாக்கி, சீட் எண்களைக் கட்டாயப் பாராமீட்டராக வைக்கலாம். மூன்றையும் ரத்து செய்ய வேண்டுமென்றால் மூன்று எண்ணையும் கொடுக்கட்டும். எண் கொடுக்காமல் எதுவும் ரத்தாகாது என்று நிரலிலேயே பூட்டிவிடலாம். அதோடு, எவ்வளவு பணம் திரும்பும் என்று கணக்கிட்டுச் சொல்லும் டூல் ஒரு உறுதிக் குறியீட்டைக் கொடுக்கட்டும். அந்தக் குறியீடு இருந்தால்தான் ரத்து டூல் ஓடும் என்று வையுங்கள். தொகையைக் கணக்கிடாமல் ரத்து செய்யும் வழியே அப்போது இருக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வழியைத்தான் எடுப்பேன்.

இப்போது தேதி. இது உங்கள் தொழிலுக்கே உரிய சிக்கல், எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்கு மதுரையில் கிளம்பும் சென்னை பஸ், திருச்சிக்கு வரும்போது சனிக்கிழமை ஆகிவிடும். டிராவல்ஸின் கணக்கில் அது வெள்ளிக்கிழமை சர்வீஸ். திருச்சியில் ஏறுகிற பயணி ‘வெள்ளிக்கிழமை நைட் பஸ்’ என்றும் கேட்பார், ‘சனிக்கிழமை ஒரு மணி பஸ்’ என்றும் கேட்பார். இரண்டும் ஒரே பஸ். உங்கள் தேடல் டூலில் பாராமீட்டரின் பெயர் வெறும் ‘தேதி’. விளக்கம் ‘பயணத் தேதி’. எந்தத் தேதி? மதுரையில் கிளம்பும் தேதியா, பயணி ஏறும் தேதியா? இதைப் படித்துவிட்டு நானே சரியாக நிரப்பியிருக்க மாட்டேன்.

பெயரை ‘சர்வீஸ் புறப்படும் தேதி’ என்று மாற்றி, ‘பஸ் முதல் ஊரில் கிளம்பும் நாள், பயணி நள்ளிரவுக்குப் பின் வழியில் ஏறினாலும் முந்தைய நாளின் தேதியையே கொடு’ என்று எழுதலாம். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனாலும் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஒரு பாராமீட்டரை விளக்கவே இத்தனை சொல்ல வேண்டியிருந்தால், சிக்கல் விளக்கத்தில் இல்லை, டூலின் அமைப்பில் இருக்கிறது. பயணி எந்த ஊரில் ஏறுகிறார், எந்த நாள், எந்த நேரத்தை ஒட்டி என்பதை மட்டும் மாடலிடம் வாங்கிக்கொண்டு, அது எந்தச் சர்வீஸ் என்று கண்டுபிடிக்கும் வேலையை உங்கள் நிரலுக்குக் கொடுங்கள். கால அட்டவணை உங்கள் டேட்டாபேஸில் இருக்கிறது, மாடலிடம் இல்லை. கண்டுபிடித்த பஸ்ஸைத் திருப்பி அனுப்பும்போது, ‘வெள்ளி இரவு மதுரையில் கிளம்பும் பஸ், திருச்சியில் சனிக்கிழமை அதிகாலை ஏற வேண்டும்’ என்று இரண்டு நாளையும் சேர்த்தே அனுப்புங்கள். ஏஜென்ட் அதைப் பயணியிடம் அப்படியே சொல்லும். குழப்பம் இருந்தால் பயணியே திருத்திவிடுவார்.

தேதி எழுதும் முறையையும் சொல்லிவிடுங்கள்: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, 2026-01-05 மாதிரி. 05-01 என்று விட்டால் ஜனவரி 5 என்று நாம் படிப்போம், மே 1 என்று அமெரிக்கப் பழக்கம் படிக்கும். இன்றைய தேதி என்னவென்று நீங்கள் சொல்லாவிட்டால் மாடலுக்குத் தெரியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். ‘நாளைக்கு’ என்று பயணி கேட்டால் அது எதிலிருந்து எண்ணும்? தன் வெப் தேடல் டூலில் கிளாட் தேவையில்லாமல் தேடும் சொற்களோடு 2025 என்று ஒட்டிக்கொண்டே இருந்ததாகவும், டூல் விளக்கத்தைத் திருத்தி அதைச் சரிசெய்ததாகவும் ஆந்த்ரோபிக் 2025 செப்டம்பரில் எழுதியது. மாடலைச் செய்தவர்களே அந்தத் தவறைச் சரிசெய்யப் போன இடம் விளக்கம்தான்.

‘பஸ் இல்லை’ என்ற பதிலுக்கு உங்கள் லாகில் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று ஊர்ப் பெயர். டேட்டாபேஸில் திருச்சிராப்பள்ளி என்று இருக்கிறது. பயணி திருச்சி என்கிறார், சிலர் ட்ரிச்சி என்று எழுதுகிறார்கள். கோவை, கோயம்புத்தூர், தூத்துக்குடி, டூட்டிகோரின், இப்படியே போகும். எல்லா ஊரையும் ஸ்கீமாவில் பட்டியலாகப் போட்டு மாடலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்தான். பத்துப் பதினைந்து ஊர் என்றால் அதுவே நல்ல வழி. நூற்றுக்கணக்கில் இருந்தால் ‘பயணி சொன்னபடியே ஊர்ப் பெயரைக் கொடு, நீயாக மாற்றாதே’ என்று விளக்கத்தில் எழுதிவிட்டு, பொருத்திப் பார்ப்பதை நிரலில் வையுங்கள். சென்னைக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி வேண்டும். கிளாம்பாக்கம், பெருங்களத்தூர், தாம்பரம், கோயம்பேடு என்று பயணி சொல்வது ஊரின் பெயர் அல்ல, இறங்கும் இடம். அதை ஊர்ப் பாராமீட்டரில் போட்டால் எதுவும் கிடைக்காது.

இரண்டாவது காரணம் எனக்கு அதிகக் கவலை தருகிறது. டிராவல்ஸின் சர்வர் பதில் தராமல் நேரம் கடந்துபோனால் உங்கள் டூல் காலிப் பட்டியலைத் திருப்புகிறது. உண்மையிலேயே பஸ் இல்லாதபோதும் அதே காலிப் பட்டியல். ஏஜென்ட் இரண்டையும் எப்படிப் பிரித்தறியும்? அது பொய் சொல்லவில்லை, உங்கள் டூல் சொன்னதைச் சொன்னது. திரும்பி வரும் பதிலும் விளக்கத்தின் ஒரு பகுதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பட்டியலையோ வெறும் எரர் எண்ணையோ அனுப்பாமல், ‘சர்வர் பதில் தரவில்லை, பஸ் இருக்கிறதா என்று தெரியாது, ஒரு முறை மீண்டும் முயற்சி செய், அப்போதும் வராவிட்டால் அலுவலக எண்ணைப் பயணிக்குக் கொடு’ என்று அனுப்புங்கள். ‘சீட் எண் தவறு’ என்பதோடு நிறுத்தாமல் ‘இந்தப் பிஎன்ஆரில் உள்ள சீட்டுகள் 7, 8, 11’ என்று சொல்லுங்கள். அடுத்து என்ன செய்வது என்று அந்த இடத்தில் படிப்பது மாடலுக்கு மிகவும் உதவும். நிலையைக் குறிக்க நீங்கள் அனுப்பும் 1, 2, 4 என்ற எண்களையும் ‘உறுதியானது’, ‘ரத்தானது’ என்று சொற்களாக்கி அனுப்புங்கள்.

23 டூல் அதிகமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு சமயத்தில் 20-க்குக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது என்று ஓப்பன்ஏஐ-யின் வழிகாட்டி சொல்கிறது. அதைக் கண்டிப்பான எல்லையாக அவர்களும் சொல்லவில்லை. எண்ணிக்கையைவிட ஒன்றோடு ஒன்று உரசுவதுதான் கெடுதல். பஸ் தேட உங்களிடம் மூன்று டூல் இருக்கிறது. பின்னால் மூன்று ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) இருப்பதால் மூன்று டூல் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பயணிக்கும் மாடலுக்கும் அந்தப் பிரிவு தேவையில்லை, ஒன்றாக்கிவிடுங்கள். எதை இணைப்பது என்று முடிவு செய்ய எளிய வழி உண்டு. டூல்களின் பெயரையும் விளக்கத்தையும் மட்டும் ஒரு தாளில் அச்சிட்டு, நிரலைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, பயணிகளின் உண்மையான கேள்விகளைப் படித்துக்காட்டி எந்த டூல் என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடத்தில் மாடலும் தவறும்.

‘மிக மிகக் கவனமாக இரு’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். எதில் கவனம் என்று அது சொல்லவில்லை. உங்கள் பிராம்ப்டில் ‘முக்கியம்’ என்ற சொல் எங்கு பார்த்தாலும் வருகிறது. எல்லாமே முக்கியம் என்றால் எதையும் தனியாகப் பார்க்க முடியாது. ரத்தைப் பற்றிய கவனத்தை ரத்து டூலிலேயே எழுதுங்கள்.

தமிழில் எழுதலாமா என்றால், எழுதலாம். இன்றைய பெரிய மாடல்கள் தமிழ் விளக்கத்தைப் புரிந்துகொள்கின்றன. டூலின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு போன்றவற்றுக்குள் இருக்க வேண்டும் என்பது முக்கிய ஏபிஐ-களின் விதி. மாடல் எழுத்தைப் பிரித்து எண்ணும் துண்டான டோக்கன், தமிழ் எழுத்துக்குக் கூடுதலாகச் செலவாகும். ஒவ்வொரு உரையாடலிலும் எல்லா விளக்கங்களும் மாடலுக்குப் போவதால் அந்தச் செலவு சேரும். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. உங்கள் குழுவில் இந்த விளக்கங்களைத் திருத்தப்போகிறவர்கள் எந்த மொழியில் துல்லியமாக எழுதுவார்கள்? டிராவல்ஸ்காரர் படித்துப் பார்த்து ‘இது தப்பு’ என்று சொல்ல எந்த மொழி வேண்டும்? அவர் தமிழில்தான் சரிபார்ப்பார் என்றால் டோக்கன் செலவைப் பார்க்காதீர்கள், தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் பயணிகள் பேசும் வாக்கியங்களை அப்படியே உதாரணமாகச் சேருங்கள்: ‘ஒரு சீட் மட்டும் கேன்சல் பண்ணணும்’, ‘அப்பா வரலை, மத்தவங்க வர்றோம்’, ‘நாளான்னைக்கு மாத்திக்கலாமா’. இரண்டாவது வாக்கியத்தில் ரத்து என்ற சொல்லே இல்லை, பார்த்தீர்களா? அதுதான் சீட் வாரி ரத்துக்கான உதாரணமாக இருக்க வேண்டும்.

எழுதிய பிறகு சோதிக்காமல் விடாதீர்கள். பழைய உரையாடல்களிலிருந்து நாற்பது ஐம்பது கேள்விகளை எடுங்கள். பெயரையும் போன் எண்ணையும் நீக்கிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த டூல், என்ன மதிப்புகள், அல்லது டூல் எடுக்காமல் எதிர்க்கேள்வி கேட்க வேண்டுமா என்று குறித்துவைத்து, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் முழுவதையும் ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள். ரத்து டூலில் எழுதிய ஒரு வரி தேதி மாற்றும் டூலின் கேள்விகளை இழுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது இழுத்தது என்று தெரியாது. பெரிய மாடலையும் இதே கேள்விகளை வைத்து அப்போது ஓட்டிப் பாருங்கள். உண்மையிலேயே தேவை என்றால் அந்த எண்களே மேலாளருக்குச் சொல்லும்.

கடைசியாக எம்சிபி சர்வர். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட அந்த நெறிமுறையால் மற்றவர்கள் எழுதிய டூல்களை இணைப்பது எளிதாகிவிட்டது உண்மைதான். அவற்றோடு அவர்கள் எழுதிய விளக்கங்களும் உங்கள் மாடலின் முன் வந்து உட்காருகின்றன. மாடல் அவற்றையும் உங்கள் விளக்கங்களைப் போலவே படிக்கும். பயனர் கண்ணில் படாத கட்டளைகளை டூல் விளக்கத்துக்குள் ஒளித்து வைத்து ஏஜென்ட்டைத் திசைதிருப்ப முடியும் என்று 2025 ஏப்ரலில் ஏஐ பாதுகாப்பு நிறுவனமான இன்வேரியன்ட் லேப்ஸ் செய்து காட்டியது. உங்கள் பேமென்ட் நிறுவனம் அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடு எழுதியதுகூட உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்: அவர்களுடைய ‘ரீஃபண்ட்’ டூல் உங்கள் ரத்து டூலைத் தாண்டி நேரடியாகப் பணத்தைத் திருப்பிவிட்டால், பணம் போயிருக்கும், சீட் பயணியின் பெயரிலேயே இருக்கும். ஆகவே அப்படியே இணைக்காதீர்கள். எல்லா விளக்கங்களையும் முழுதாகப் படித்து, உங்களுக்குத் தேவையான ஒன்றிரண்டு டூல்களை மட்டும் எடுத்து, உங்கள் நிரலின் வழியாகக் கூப்பிட்டு, விளக்கத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ‘படிக்க மட்டும்’, ‘அழிக்கக்கூடியது’ என்று எம்சிபியில் வரும் குறிப்புகள் வெறும் குறிப்புகள்தான், பாதுகாப்பு அல்ல. அவர்கள் பக்கம் விளக்கம் மாறினால் உங்களுக்குத் தெரியும்படி பதிப்பைக் குறித்து வைத்து, மாறியதும் மேலே சொன்ன கேள்விகளை மீண்டும் ஓட்டுங்கள்.